பிரிடிலும் பனித்துளிப் பாவாடைகளும்

பிரிட்டன் இரண்டாம் உலகப் போரில் வென்றது எதனால் என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் விமானம் என்பார்கள், கப்பல் என்பார்கள். வென்றது கிடக்கட்டும். வென்ற பிறகு அந்த நாடு மூழ்காமல் நின்றது, பெண்களின் பாவாடை விளிம்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த காலி இடத்தால்தான். அந்தக் காலி இடத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்த மகான் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எர்னஸ்ட் பிரிடில்.

சண்டை ஓய்ந்து வருடங்கள் ஆகியும் லண்டனில் துணிக்கு ரேஷன் கூப்பன்தான். ஒரு கோட்டு வாங்கினால் அந்த வருடம் முழுக்க ஒட்டுப்போட்ட காலுறைதான். அந்த நேரம் பார்த்தா பாரிஸ்காரர்கள் கணுக்கால் வரை தொங்கிக் குடைபோல் விரியும் பாவாடையை ‘புது மோஸ்தர்’ என்று அவிழ்த்துவிட வேண்டும்? லண்டன் பெண்கள் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார்கள். அரசாங்கம் திடுக்கிட்டு எழுந்தது. ‘பாவாடைச் சிக்கன வாரியம்’ பிறந்தது.

வாரியத்தின் விதி ஒன்றே ஒன்று: பாவாடை விளிம்பு தரையிலிருந்து பதினாலு அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். அகலத்தைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. எழுதியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பாவாடைக்கு அகலம் என்று ஒன்று உண்டு என்பது கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வாரியத்தின் ஆய்வாளரான பிரிடில் ஒரு பித்தளை அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் குனிந்து குனிந்து அளந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் குனிந்தார். வரும் வெள்ளிக்கிழமை மந்திரி கையால் பதக்கம் என்று முடிவாகியிருந்தது.

பதக்கம் தரும் இடம் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு சின்ன பாலே நடனக் கொட்டகை. புது நடனம் அரங்கேறுகிறது, மந்திரி வருகிறார், இடைவேளையில் பதக்கத்தையும் கொடுத்துவிட்டால் ஒரே காரில் இரண்டு வேலை. பெட்ரோல் மிச்சம். மந்திரி கண்ணில் ஒரு நீளப் பாவாடை பட்டுவிடக் கூடாதே என்று பிரிடில் திங்கட்கிழமையே அங்கே அளக்கப் போனார்.

கொட்டகையின் உடைகளுக்கெல்லாம் பொறுப்பு எட்னா என்ற அம்மாள். ஐரீன் என்ற பெண்ணுக்குப் பழைய டூட்டூ ஒன்றை மாட்டி நிறுத்தினாள். டூட்டூ என்பது இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல் விறைப்பாக நிற்கும் வலைத்துணிப் பாவாடை. பிரிடில் அளவுகோலைத் தரையில் ஊன்றினார். அளவுகோல் முடிந்துவிட்டது. பாவாடை இன்னும் மேலே இருந்தது. பிறகு ஐரீன் கால்விரல் நுனியில் எழுந்து நின்றாள். பாவாடை இன்னும் உயரப் போனது. பிரிடிலின் கண் கலங்கிவிட்டது.

“இந்த நாட்டுக்காக இவ்வளவு உயரம் போன பாவாடையை நான் பார்த்ததே இல்லம்மா” என்றார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். மூலையில் கிடந்த பெரிய மூட்டை கண்ணில் பட்டுவிட்டது. நாட்டிங்ஹாமிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கி வந்த புது வெள்ளை வலைத்துணி, பனித்துளிகளாக ஆடப்போகும் பன்னிரண்டு பெண்களுக்கு. ஒரு பாவாடைக்கு இத்தனையா என்று பிரிடில் திகைத்தார். பத்து அடுக்கு வைத்தால்தான் நிற்கும், குறைத்தால் ஈரத்துணிபோல் தொங்கும் என்றாள் எட்னா.

பிரிடிலுக்கு வியர்த்தது. உயரத்தில் தேசபக்தி, அகலத்தில் ராஜதுரோகம். இப்படி ஒரு பாவாடையை வாரியம் கண்டதில்லை. அகலம் பற்றி முடிவாகும் வரை மூட்டை ‘ஆய்வின் பொருட்டுத் தற்காலிகமாக’ வாரியத்தின் வசம் என்று அறிவித்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் சார்” என்றாள் எட்னா. “பழசெல்லாம் இத்துப் போச்சு. ஆட்டம் நின்னா முதலாளி கம்பெனியையே மூடிடுவாரு. இதுங்க பன்னெண்டும் பிஸ்கட் பாக்டரிக்குத்தான் போகணும்.”

“பரிசீலிக்கப்படும்” என்றார் பிரிடில், மிகுந்த பரிவோடு.

வாரிய அலுவலகத்தில் மூட்டையை வைக்க இடமில்லை. அலமாரி முழுக்கக் காகிதச் சிக்கனம் பற்றிய அறிக்கைகள். ஆகவே பிரிடில் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கே கொண்டுபோனார். கதவைத் திறந்த மனைவி மேவிஸ், பதினைந்து வருடங்களில் முதல்முறையாக அவரைக் கட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டறை வெல்வெட் திரையைக் கழற்றி அவள் ஏற்கெனவே ஒரு புது மோஸ்தர் பாவாடை தைத்து வைத்திருந்தாள். குடைபோல் விரிய உள்ளே விறைப்பாக ஏதாவது வேண்டும். அதற்குத்தான் தவித்துக்கொண்டிருந்தாள். பிரிடில் அளவுகோலை நீட்டினார். எட்டு அங்குலம்தான் இருந்தது.

“மேவிஸ், விதி பதினாலு.”

“ஏங்க, உங்க பொண்டாட்டி வரைக்கும் விதிப்படி உடுத்திட்டா, நாட்டுல எல்லாரும் திருந்தியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் வாரியம் எதுக்கு? மூடிடுவாங்க. நீங்க எங்க போய்க் குனிவீங்க?”

பிரிடில் யோசித்தார். இவ்வளவு தொலைநோக்கு வாரியத்தில் யாருக்குமே இல்லை என்று அவருக்குப் பட்டது.

புதன்கிழமை வாரியம் கூடியது. பாவாடைக்கு அகலம் உண்டா என்று விவாதித்தார்கள். துணிக்கொடியில் தொங்கும்போது கொஞ்சம் இருப்பதுபோல் பட்டது என்றார் ஓர் உறுப்பினர். அது அவருடைய சொந்தக் கருத்து என்று பதிவானது. துணைக்குழு அமைத்துக் கலைந்தார்கள். எட்னா தினமும் வாசலில் வந்து நின்றாள். தினமும் அவளுக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுத்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை அவள் கொட்டகையின் நிலவறைக்குள் இறங்கினாள். குண்டு விழுந்த காலத்தில் வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னல்களை மறைத்த கறுப்புத் துணி அங்கே குவிந்து கிடந்தது. அதற்குக் கூப்பனும் இல்லை, கேட்பாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பனித்துளிகளும் கன்னங்கரேலென்று வந்து ஆடின. துணிக்குக் கனம் அதிகம். பாவம், பொண்ணுகள் குதித்தபோதெல்லாம் பாவாடை அவர்களுக்கு முன்னாலேயே இறங்கியது. ஆனால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. கரிப்புகை படிந்து லண்டனில் பெய்யும் பனி அந்த நிறம்தான். மந்திரிகூட வெகு தத்ரூபம் என்றார்.

இடைவேளையில் பிரிடிலை மேடைக்கு அழைத்தார்கள். மேவிஸும் கூடவே போனாள். அவள் மேடைப் படியேறுவதற்குள் பாவாடை இடித்து முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் சாய்ந்தன. கறுப்புப் பனித்துளிகள் ஓரமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. துணியைச் சேமித்து நாட்டைக் காத்தவர் என்று புகழ்ந்து மந்திரி பதக்கத்தைக் குத்தினார். மேவிஸ் மரியாதைக்கு முழங்காலை மடக்கிக் குனிந்தாள்.

அங்கேதான் வந்தது வினை. முன்பக்கம் தரையில் அழுந்தியதும் பின்பக்க வெல்வெட் அப்படியே மேலே கிளம்பியது. உள்ளிருந்து வெள்ளை வெளேரென்று, அடுக்கடுக்காக, பன்னிரண்டு பெண்களுக்கு வந்த நாட்டிங்ஹாம் வலைத்துணி பொங்கிப் பாதி மேடையை மூடியது. பிரிடில் தன் பதக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

எட்னா திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். மேவிஸ் பக்கத்தில் நின்று அந்த அடுக்குகளை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“பனியெல்லாம் சார் வீட்டுலதான் பெய்ஞ்சுதா?” என்றாள். “நாங்க ஒரு வாரமா மேடையில தேடிட்டிருந்தோம்.”