முதலை சொன்ன டயர்

ஒரு காட்டில் ஒரு மிளா சொந்தமாக பிக்கப் வண்டி வைத்திருந்தது. மிளா என்றால் மான்தான். உடம்பு மட்டும் மாட்டளவு வளரும். அறிவு மானளவிலேயே நின்றுவிடும். மரம் கடத்த வந்தவர்கள் வனக்காவலர் விசில் சத்தம் கேட்டு, சாவியைக்கூட எடுக்காமல் விட்டுவிட்டு ஓடிய வண்டி அது. வண்டி கிடைத்த மிளாவின் பெயர் கொம்பையா. மனைவி பேர் பேச்சி.

வண்டி வருவதற்கு முன்னால் மிளாக்கூட்டம் வாரம் ஒருமுறை உப்புப்பாறைக்கு நடந்தே போய் உப்பு நக்கிவிட்டு வரும். வண்டி வந்த மறுவாரமே கூட்டத்துக்கு மொத்தமாக முட்டிவலி கண்டது. செவ்வாய்க்கிழமை விடிந்தால் ஆறேழு மிளாக்கள் பின்னால் ஏறி நின்றுகொள்ளும். கொம்பையா ஓட்டும். முக்கால்வாசித் தூரம் தார் ரோடு, அப்புறம் கல்லும் மண்ணும், கடைசியில் குளத்தங்கரையை ஒட்டி நூறடிக்குக் களிமண் சரிவு. அந்தக் குளத்தில் ஒரு முதலை இருந்தது.

அந்த வருஷம் கோடைமழையில் வண்டி அந்தச் சரிவில் பின்னாலேயே வழுக்கிப் போய், பின்சக்கரம் தண்ணீரைத் தொட்டுவிட்டு நின்றது. எப்படியோ முட்டி மோதி மேலே ஏறிவிட்டார்கள். இறங்கிப் பார்த்தால் நாலு டயரிலும் பிடிப்புக்கு இருக்கும் பட்டன் தேய்ந்து மொட்டையாகக் கிடந்தது. சாரல் மழைக்காலம் தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் சரியான டயர் போடாவிட்டால் குடும்பத்தோடு முதலை வாயில்தான் என்பது கொம்பையாவுக்கே புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் யோசனை சொல்ல ஒரு நரி வரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நரி அப்போது பக்கத்துக் காட்டில் இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது. யோசனை சொன்னது முதலைதான்.

"கொம்பையா அண்ணாச்சி, ஒரு நிமிஷம் நில்லும்," என்று அது தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிட்டது. "டயர் மாத்தப் போறீராமே. என்ன டயரு?"

"அது எங்க குடும்ப விஷயம் வே," என்றது கொம்பையா, கரையிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டு.

"கோவப்படாதேயும். நான் கரையிலேயே படுத்துக் கெடக்கவன். போற வாற டயரெல்லாம் என் கண்ணு மட்டத்துலதான் போவுது. சேத்து டயர் வாங்காதேயும், தார் ரோட்டுல ஊளையிடும், சீக்கிரம் தேஞ்சும் போவும். ரோட்டு டயரும் வேண்டாம். அதுல பட்டன் நெருக்கமா இருக்கும், களிமண்ணு போய் அடைச்சிக்கிட்டா வழுக்குப்பாறைதான். உம்ம பாதைக்கு ஆல் டெரெய்ன் டயர்தான் தோது. நடுவாந்தரம். எல்லாத் தரைக்கும் ஓடும். சரிவு வந்ததும் காத்தைக் கொஞ்சம் இறக்கிக்கோரும். பிரேக்கைத் தொடாம மெதுவா ஒரே சீரா ஏறும்."

கொம்பையா ஒவ்வொன்றையும் மனசில் குறித்துக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குப் போனது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலை எது சொன்னாலும் அதைக் கூட்டத்தில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தலைகீழாகத் திருப்பி, அதன்படி நடப்பார்கள். முதலை 'இந்தப் பக்கம் ஆழம்' என்றால் அந்தப் பக்கமாகப் போக மாட்டார்கள், இந்தப் பக்கமாகத்தான் இறங்குவார்கள். பரம்பரை பரம்பரையாக இப்படித்தான் உயிர் பிழைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். சிலர் பிழைக்கவில்லைதான். அவர்கள் சரியாகத் திருப்பவில்லை என்று கூட்டம் தீர்மானம் போட்டுவிட்டது.

கொம்பையா சொல்லி முடித்ததும் பேச்சியின் அண்ணன் சுடலைமுத்து எழுந்தது. அது இதுவரை ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. அதனாலேயே டயரைப் பற்றி அதற்குச் சந்தேகமே கிடையாது.

"மாப்பிள்ளை, இதுல யோசிக்க என்ன இருக்கு? எல்லாத் தரைக்கும் ஓடுத டயரை வாங்கச் சொல்லுது. அப்ப நாம எந்தத் தரைக்கும் ஓடாதது எதுவோ அதைத்தான் வாங்கணும். சேத்து டயரை ஊளையிடும்னுதான் சொல்லிச்சு, ரோட்டு டயரை வழுக்கும்னே வாய்விட்டுச் சொல்லிட்டுது. வாங்கு ரோட்டு டயரை!"

கூட்டம் குளம்பைத் தட்டி ஆரவாரம் செய்தது.

"ஏங்க," என்றது பேச்சி மெதுவாக, "அது சொன்னதுல நியாயம் இருக்காப்புல தெரியுதே. கோடைமழையில நாம வழுக்கினதை அது பார்த்துக்கிட்டுத்தானே இருந்துச்சு? களிமண்ணு அடைச்சா வழுக்கத்தானே செய்யும்?"

"உன் தங்கச்சி முதலைக்கு வக்காலத்து வாங்குதா மச்சான்," என்றது கொம்பையா. எல்லோரும் சிரித்தார்கள். பேச்சிக்கு அவமானமாக இருந்தது.

டயர்க்கடை கரடியுடையது. அங்கே டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 'வண்டி ஓடும் தரை: தார் / மண் / சேறு. ஏதாவது ஒன்றை மட்டும் டிக் செய்யவும்.' கொம்பையா தார் என்று டிக் செய்து நீட்டியது. கரடி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தது.

"அண்ணாச்சி, உங்க வண்டி உப்புப்பாறைக்குப் போற வண்டில்லா? படிவத்தை விடுங்க. ஆல் டெரெய்ன் போடுங்க. நாலும் ஸ்டாக் இருக்கு."

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்ற சுடலைமுத்து அதன் காதில் குசுகுசுத்தது: "முதலை இங்கயும் வந்து பேசி வச்சிருக்கு. கமிஷன்!"

"ரோட்டு டயரே குடும்," என்றது கொம்பையா விறைப்பாக.

கரடி பழைய வியாபாரி. டயரை விற்பது அதன் தொழில். வாங்குகிறவனைக் காப்பாற்றுவது அதன் தொழில் அல்ல. மறுபேச்சுப் பேசாமல் நாலு ரோட்டு டயரை மாட்டிவிட்டது. முதலை காற்றை இறக்கச் சொன்னதால் கல் மாதிரி காற்றடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். தார் ரோட்டில் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. "பார்த்தியா மாப்பிள்ளை?" என்றது சுடலைமுத்து.

முதல் சாரல் விழுந்த செவ்வாய்க்கிழமை கூட்டம் கிளம்பியது. பேச்சி மட்டும் வண்டியில் ஏறவில்லை. "எனக்கு நடக்கணும் போல இருக்கு," என்றது. கொம்பையா கோபத்தில் அதன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தது. பேச்சி குறுக்குப்பாதையில் ஓடி, வண்டி வருவதற்குள் சரிவுக்கு வந்து நின்றுகொண்டது.

சரிவு வந்தது. முதலை மெதுவாகப் போகச் சொல்லியிருந்தது. ஆகவே கொம்பையா ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தது. டயர் ரெண்டு சுற்று சுற்றுவதற்குள் பட்டனெல்லாம் களிமண் அப்பிக்கொண்டது. வண்டி நின்ற இடத்திலேயே ஆடியது. பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கைத் தொட வேண்டாம் என்று முதலை சொன்னது ஞாபகம் வர, கொம்பையா பிரேக்கை முழுசாக அழுத்தியது. நாலு சக்கரமும் பூட்டிக்கொள்ள, வண்டி பக்கவாட்டில் திரும்பி, கரையைத் தாண்டி, குளத்துக்குள் இறங்கியது.

பின்னால் நின்றவை எல்லாம் குதித்து நீந்திக் கரையேறின. முதலில் ஏறியது சுடலைமுத்து. கொம்பையா மட்டும் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"விட்டுட்டு வாங்க! ஐயோ, வண்டி கெடக்கட்டும், வாங்க!" என்று பேச்சி கத்தியது.

"இரு, ரிவர்ஸ் போட்டுப் பாக்கேன்," என்றது கொம்பையா. அதுதான் அது கடைசியாகச் சொன்னது. நல்ல மிளா. மனைவி பேச்சைத் தவிர சொந்தபந்தத்தில் யார் பேச்சுக்கும் மறுத்துப் பேசத் தெரியாது. இதை எழுதும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது.

கூட்டம் அழுதுகொண்டே கலைந்த பிறகும் பேச்சி கரையிலேயே நின்றது. சாயங்காலம் முதலை மெல்ல வந்து கரையோரம் படுத்தது. வயிறு உப்பியிருந்தது.

"பாவி, நீரு சொன்னது அம்புட்டும் உண்மைதானா?" என்று பேச்சி கேட்டது.

"ஆமா மதினி. வார்த்தைக்கு வார்த்தை உண்மை."

"ஏன் சொன்னீரு?"

முதலை ஒரு ஏப்பம் விட்டது. "சின்ன வயசுல நான் பொய்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆழத்தைக் காட்டி ஆழமில்லைம்பேன். உங்க ஆளுக அதைத் திருப்பிப் போட்டுக்கிட்டு நல்லபடியா போய்ச் சேர்ந்துருவாங்க. நான் எலும்பும் தோலுமா ஆயிட்டேன். முப்பது வருஷமா உண்மையைத் தவிர வேற ஒண்ணும் பேசுறதில்லை. ஒருநாள் பட்டினி கெடந்ததில்லை."

பேச்சி ஓடினது ஓட்டம். இழவு வீட்டில் கூடியிருந்த கூட்டத்தின் நடுவில் போய் மூச்சு வாங்க நின்றது. "நமக்குப் புத்தி வரட்டும்! முதலை சொல்லுததெல்லாம் உண்மை! அதைத் திருப்பினதாலதான் என் வீட்டுக்காரர் போனாரு. இனிமே யாரும் அப்படிச் செத்துப்போவாதீங்க!"

சுடலைமுத்து ஈரம் காயாத தலையை நிமிர்த்தியது. "முதலை உண்மைதான் பேசுதுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

"முதலைதான் சொல்லிச்சு."

கூட்டம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. பிறகு அந்த வாக்கியத்தையும் வழக்கப்படி ஒழுங்காகத் திருப்பிப் போட்டுவிட்டு, கொம்பையா போன துக்கத்தில் பேச்சிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருமனதாக முடிவு செய்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோரும் குளத்தங்கரை வழியாகவே நடந்து போனார்கள். அந்தப் பக்கம் வராதீர்கள் என்று முதலை ஆள் விட்டுச் சொல்லியிருந்தது.

நீதி: எக்காரணம் கொண்டும் நல்ல பேர் எடுத்துவிடாதீர்கள். கெட்ட பேர் ஒன்று இருந்தால், வாழ்நாள் பூராவும் உண்மையைச் சொல்லியே வயிறாரச் சாப்பிடலாம்.