நண்டோடு எழுந்த கடல்பசு

பொறாமை எனக்கு இரத்த அழுத்தம் மாதிரி. மாத்திரை போட்டால் அடங்கும், போகாது.

கடலாடியில் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் பழைய படகு எஞ்சின், சங்கிலி எல்லாம் சேர்த்து வெல்டிங் வைத்துச் சிற்பம் செய்துகொண்டிருந்த காலம். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது, ஒருவரும் வாங்கவில்லை. அப்போதுதான் மண்டபத்தில் ஒரு விடுதிக்காரர் வாசல் மேடையில் வைக்கச் சிற்பம் கேட்டார். இரண்டு பேர் செய்துகொண்டு வர வேண்டும், பிடித்தது மேடையேறும். ஒருத்தி நான். இன்னொருத்தி ராமநாதபுரம் மல்லிகா.

மல்லிகாவுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்ததே நான்தான். (அந்த நாளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.)

நான் கடல்பசு கொண்டுபோனேன், அவள் நண்டு. சைக்கிள் செயினில் கொடுக்கு, பேரிங் குண்டில் கண்ணு. பார்த்ததும் குடித்த காபி கசந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்ல" என்றேன்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் என் கடல்பசுவை நெம்பித் தள்ளி நண்டை மறைத்து நிறுத்தினேன். அப்போதும் ஒரு கொடுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. துடுப்பை நீட்டி மறைத்துவிடலாம் என்று ஒரு தகட்டை வைத்து, கூடவே கொண்டுபோயிருந்த மெஷினில் வெல்டிங் அடித்தேன். முகமூடிக்குள் பொறி மட்டும்தான் தெரியும். எனக்கு அதுவும் மல்லிகா முகமாகத் தெரிந்ததால் கொஞ்சம் அழுத்தமாகவே அடித்தேன். அவள் வருகிற சத்தம் கேட்டதும் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நகர்ந்துகொண்டேன்.

விடுதிக்காரர் வந்தார். பின்பக்கமாகவும் போய்ப் பார்த்துத் தொலைத்தார். "நண்டையே வைப்போம்" என்றார்.

கிரேன் நண்டைத் தூக்கியது. கூடவே என் கடல்பசுவும் எழுந்தது, துடுப்பால் நண்டின் கொடுக்கைப் பிடித்துக்கொண்டு.

கிரேன்காரர் எட்டிப் பார்த்தார். "நண்டு மட்டுந்தான சொன்னாக?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

மல்லிகா ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். "வெட்டுனா என் கொடுக்கு போயிரும்க்கா. ஒங்க வெல்டிங் அம்புட்டு ஸ்ட்ராங்கு." பாராட்டினாளா, குத்தினாளா என்று இன்றுவரை விளங்கவில்லை.

"சரி, ரெண்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார் விடுதிக்காரர். இருக்கிறது. பெயர்ப்பலகையில் மல்லிகா பெயர் மட்டும்.

அதற்குப் பிறகு என் சிற்பங்கள் எத்தனையோ ஊரில் நிற்கின்றன. ஆனால் ராமேஸ்வரம் போகிறவர்கள் இறங்கி நின்று போட்டோ எடுப்பது அந்த நண்டோடுதான். என் கடல்பசு மேல் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்கிறார்கள்.

சமீபத்தில் மல்லிகாவுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு மேடையேறி, சிரித்த முகமாகக் கை கொடுத்தேன். முன்வரிசையிலிருந்து என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார்:

"மல்லிகா, சீக்கிரம் கைய எடுத்துரு. ஒட்டிக்கிருவா."