மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால்தான் பணம்

வேங்கடசுப்ரமணியன் முதல் தடவையாக, மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வது என்று முடிவெடுத்தார். நல்ல காரியம்தான். அம்மிணிக்குச் சீக்கிரமே ஐம்பத்தைந்து வயது நிறையப்போகிறது. அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தர வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன் அணுசக்தி நகரில் சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் வயதுப் பெண்கள் இரண்டு பேர் மர நிழலில் பேசிக்கொண்டே சைக்கிள் ஓட்டிப் போனார்கள். அவர்கள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும்வரை அம்மிணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கையில் இருந்த காப்பி ஆறிப்போனது. அதை இவர் பார்த்துவிட்டார்.

ஆனால் அவர்களுடைய மாட்டுங்கா வீட்டில் ரகசியம் காப்பது லேசில்லை. அதற்குக் காரணமும் அவரேதான். கம்பெனியில் அவருக்குக் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. ஆபீஸில் சந்தேகப்பட்டது போக மீதியை வீட்டுக்குக் கொண்டுவருவார். பாங்க்கில் பத்து ரூபாய் நகர்ந்தாலும் அம்மிணியின் போனுக்குத் தகவல் போகும்படி செய்திருந்தார். அவர் எங்கே நிற்கிறார் என்பதும் அவள் போனில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வேறு போட்டிருந்தார்.

"குரலை நம்பாதே. இப்பல்லாம் கம்ப்யூட்டர் என் குரல்லயே பேசும். தெரியாத நம்பர்லேர்ந்து நானே கூப்பிட்டுப் பணம் கேட்டாலும் குடுக்காதே. எனக்கு மட்டும் பதில் தெரிஞ்ச மூணு கேள்வி கேளு. மூணுக்கும் பதில் வந்தாத்தான் பணம்."

"சரின்னா," என்றாள் அம்மிணி.

ஆகையால் அவர் ஒரு பழைய போனில் புது சிம் போட்டார். அதில் யாருக்கும் தெரியாத பண வாலட் ஒன்று திறந்து, மூன்று மாதமாகக் கைச்செலவுப் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்தார். பிறந்த நாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம், தன் சொந்த போனை சார்ஜில் போட்டுவிட்டு, நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பி, செம்பூர் பஸ் பிடித்தார். பச்சைப் புள்ளி மாட்டுங்காவிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

செம்பூரில் ஆஷிக் பாயின் சைக்கிள் கடை. அம்மிணியின் உயரத்துக்குத் தோதாக ஒரே ஒரு சைக்கிள்தான் இருந்தது. நீல நிறம், முன்னால் கூடை. ஒரு பஞ்சாபி அம்மாள் அதையே சுற்றிச் சுற்றி வந்து மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரமாக வாலட்டைத் திறந்தார் வேங்கடசுப்ரமணியன்.

பின் நம்பர் முன்னால் வர மறுத்தது. எவராலும் ஊகிக்க முடியாத நம்பராக வைத்திருந்தார். அவராலும் முடியவில்லை. மூன்று தடவை தப்பாகப் போட்டதும், இருபத்துநாலு மணி நேரம் கழித்து வரச் சொல்லி வாலட் கதவைச் சாத்திக்கொண்டது. சட்டைப்பையில் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறை மட்டும் இருந்தது.

"ஆராம் ஸே, சாப்," என்று, அவசரப்படாமல் பார்க்கச் சொன்னார் ஆஷிக் பாய். பஞ்சாபி அம்மாள் சைக்கிள் மேல் ஏறியே உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லை. பழைய போனிலிருந்து அம்மிணியைக் கூப்பிட்டார். புது நம்பர்; இரண்டு தடவை கட் செய்தாள். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அம்மிணி, நான்தான். ஒரு நம்பர் தரேன், ஒம்பதாயிரத்து அறுநூறு ரூபா உடனே அனுப்பு."



"என் ஆத்துக்காரர் போன் இங்கே சார்ஜ்ல இருக்கு. நீங்க யாரு?"

"நான்தான்டீ. காரணம் அப்புறம் சொல்றேன்."

"அப்போ மூணு கேள்வி கேக்கணும். எங்காத்துச் சட்டம்."

"கேளு, சீக்கிரம்."

"கல்யாணத்தன்னிக்கு நலங்குக்கு நான் என்ன கலர் புடவை கட்டிண்டிருந்தேன்?"

"பச்சை. இல்லே, மாம்பழக் கலர். அம்மிணி, நெஜமாவே ஞாபகம் இல்லே."

"சரியான பதில். என் ஆத்துக்காரருக்கு அது தெரியாது. டக்குனு சொல்லியிருந்தா போனை வெச்சிருப்பேன். ரெண்டாவது. எங்கம்மா குடுத்த கல்சட்டியை உடைச்சது யாரு?"

"பூனை."

"தப்பு. இன்னொரு சான்ஸ்."

பஞ்சாபி அம்மாள் விலை விசாரித்தாள்.

"நான்தான்," என்றார் வேங்கடசுப்ரமணியன். "தண்ணி எடுக்கப் போனப்போ முழங்கை பட்டுடுத்து."

"நாலாவது மாடிக்குப் பூனை எப்படி ஏறித்துன்னு பதினோரு வருஷமா யோசிச்சிண்டிருந்தேன். மூணாவது கேள்வி. எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேனே, அன்னிக்கு வராண்டாவுல ஒரு மணி நேரம் என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"ஆபீஸ் போன். சொன்னேனே."

"இன்னொரு சான்ஸ்," என்றாள் அம்மிணி. ஆஷிக் பாய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பஞ்சாபி அம்மாளுக்கு வேறு சைக்கிள் காட்ட எழுந்து போனார்.

"அழுதுண்டிருந்தேன்," என்றார் மெதுவாக.

"காதுல விழலை."

"அழுதுண்டிருந்தேன், அம்மிணி. நீ இல்லேன்னா என்ன பண்றதுன்னு தெரியலை."

போனில் பேனாவும் காகிதமும் தேடும் சத்தம் கேட்டது. "நம்பரைச் சொல்லுங்கோ."

சொன்னார்.

"ஆஷிக் சைக்கிள் ஸ்டோர்ஸ்னு பேர் வரது. அனுப்பலாமா? பேரைச் சரிபார்த்துட்டுத்தான் அனுப்பணும்னு நீங்கதானே சொல்லியிருக்கேள்?"

ரகசியம் அதோடு தீர்ந்தது. "அனுப்பு," என்றார் அவர். கடையின் ஸ்பீக்கர் பெட்டி, பணம் வந்த சேதியைத் தெருவுக்கே ஹிந்தியில் படித்துக் காட்டியது.

இருட்டுகிற நேரத்தில் டெம்போவில் சைக்கிளும் அவருமாக வந்து இறங்கினார்கள். அம்மிணி கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். சைக்கிளின் கூடையைத் தொட்டாள்; மணியை ஒரு தடவை அடித்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பேசறது நான்தான்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"அம்மிணின்னு கூப்பிட்டேளே, அப்பவே."

"பின்னே எதுக்கு மூணு கேள்வி?"

"முப்பது வருஷத்துல நான் கேட்ட கேள்விக்கு நீங்க நின்னு பதில் சொன்னது இன்னிக்குத்தானே," என்றாள் அம்மிணி. "நாளைக்கும் அந்தப் பின் நம்பர் ஞாபகம் வராம பாத்துக்கோங்கோ. இன்னும் ஏழெட்டுக் கேள்வி பாக்கி இருக்கு."