மூலைவெட்டியாரின் கள்ளக் கட்டிகள்

லண்டனில் விற்பனைக்கு வந்த கள்ளத் தங்கக் கட்டி எதுவும் மூலைவெட்டியாரின் கைக்குத் தப்பியதில்லை. அவர் ஏமாந்தார் என்று சொல்வது சரியல்ல. அவ்வளவு ஒழுங்காகவும் விடாமலும் செய்வதைச் சேகரிப்பு என்றுதான் சொல்லவேண்டும்.

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில்தான் இருந்தார். வேலை பஸ் ஓட்டுவது. மிச்ச நேரமெல்லாம் பழைய அமெரிக்காவில் இருப்பார். அங்கே ஊரே தங்கம் தோண்ட ஓடிய காலத்தில், தோண்டியவர்கள் கொண்டுவந்த தூளை மதிப்பீட்டாளர்கள் உருக்கிக் கட்டியாக வார்த்தார்கள். மூலையில் ஒரு துண்டை வெட்டிச் சோதித்து, எடை, சுத்தத்தைக் காட்டும் மாற்று, விலை மூன்றையும் தங்கள் பெயரோடு குத்திக் கொடுத்தார்கள். அந்தக் கட்டிகளில்தான் இவருக்குப் பைத்தியம்.

மூலை வெட்டாத எதையும் நம்பமாட்டார். வெண்ணெய், சவர்க்காரம், மஸ்கட் அல்வா, எல்லாவற்றுக்கும் அதே விதி. என் மகளின் கல்யாணக் கேக்கை மாப்பிள்ளைக்கு முந்தி இவர் வெட்டிவிட்டார்.

"ஒண்டுமில்லை ஐயா, மாற்றுப் பாத்தனான்."

நகைகளைச் சோதித்து முத்திரையிடும் கந்தோரில் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தவன் நான். ஆகவே ஞாயிறுதோறும் என் குசினி மேசைக்கு ஒரு கட்டி வரும். ஒன்று பொன் பூசிய ஈயம். ஒன்று பித்தளை. ஒன்றில் எடையையும் மாற்றையும் வைத்துப் பெருக்கினால் குத்தியிருந்த விலை வரவில்லை. அந்தத் திருடனுக்குக் கணக்கும் ஓடாது. நகமளவு கட்டியொன்று தங்கமேதான், ஆனால் இன்றைய சுத்தத் தங்கம். அந்தக் காலத்து மதிப்பீட்டாளர்கள் அநேகமாக வெள்ளியைப் பிரிப்பதில்லை. மண்ணோடு வந்த வெள்ளி கட்டியிலேயே கிடக்கும். அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படவேண்டும். மனிதர் விஷயத்திலும் நான் இந்த நடைமுறையைத்தான் கடைப்பிடித்தேன்.

தீர்ப்பைச் சொன்னதும் வீட்டுக்குப் போவார். மனைவி பூமணி வாசலிலேயே கேட்பா.

"என்னவாம்?"

"கள்ளமாம்."

பிறகு எழும் சிரிப்பு என் வீடுவரை கேட்கும். "பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இப்பிடி மூலை வெட்டிப் பாத்திருந்தால் தப்பியிருப்பியள்!"

ஒருநாளைக்கு அசல் கட்டியோடு அவவுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

பூமணிக்குப் புற்றுநோய் வந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியது. முன்னறையில் கட்டில் போட்டார்கள். அந்த வீட்டில் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகும் ஒரு ஞாயிறு கட்டியோடு வந்தார். சட்டனில் ஒரு பழைய சாமான் சந்தையில், போலிகள் என்று எழுதியே விற்ற பெட்டிக்குள் கிடந்ததாம். சோதித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் சோதித்தேன். எழுத்துகள் கூர்மையாகக் குத்தப்பட்டிருந்தன. கணக்குப் பொருந்தியது. வெள்ளி இருக்கவேண்டிய அளவில் இருந்தது.

"ஐசே, இது அசல்."

துள்ளுவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்துவிட்டார். "வடிவாப் பாத்தனீங்களோ?"

"எனக்குத் தெரிஞ்ச முறையெல்லாம் பாத்தாச்சு. முதல்லை இதை இன்சூரன்ஸிலை பதியவேணும்..."

"அது கிடக்கட்டும் ஐயா. வாங்கோ, பூமணிக்குச் சொல்லுவம்."

பூமணி கண்ணைத் திறந்தா. குரல் நூலாக வந்தது. "என்னவாம்?"

அவர் கட்டியைப் பார்த்தார். அவவைப் பார்த்தார். 'அசல்' என்ற ஒரு சொல்லை அவவிடம் சொல்லத்தான் இத்தனை காலம் ஈயமும் பித்தளையும் சுமந்தார்.

"ஐயா சோதிச்சவர். வெள்ளி கலந்திருக்காம்."

"இருபத்திரண்டு கரட்டும் இல்லையோ?"

"இல்லையாம்."

எங்கள் பெண்களுக்கு இருபத்திரண்டுக்குக் கீழே தங்கமே கிடையாது. பூமணி என்னைப் பார்த்தா. "உண்மையே அண்ணை?"

"ஓம் பிள்ளை. இருபத்திரண்டு கரட் இல்லை." எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய வாக்குமூலம்.

முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. "கடவுளே, இதுவும் கள்ளமே!" சிரித்துச் சிரித்து இருமினா. அவர் அவவின் வாயைத் துடைத்துவிட்டு, தானும் சிரித்து, தன் கண்ணையும் அதே துணியால் துடைத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அவவின் சிரிப்பைக் கேட்கவில்லை.

பூமணியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் இன்சூரன்ஸ் பேச்சை மறுபடியும் எடுத்தேன்.

"அவ கள்ளமெண்டு சொல்லிட்டா ஐயா. இனி அது கள்ளம்தான்." கட்டியை ஈயத்துக்கும் பித்தளைக்கும் நடுவில் வைத்து அலுமாரியைப் பூட்டினார்.

இப்போது மகனோடு கனடாவில் இருக்கிறார். கட்டிகளெல்லாம் ஒரு பெட்டியில் கூடப் போயின. விமான நிலையத்தில் என்ன சொல்லிக் கொண்டுபோனார் என்று, நடைமுறை தெரிந்தவன் ஆகையால், நான் கேட்கவில்லை.

நேற்று மஸ்கட் வாங்கிவந்து பிரித்தேன். கத்தி தானாக மூலைக்குப் போனது. அந்தத் துண்டை மட்டும் சாப்பிடாமல் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தேன்.