உன் வீட்டு வேம்பும் என் சபதமும்

உப்பலில் இருக்கும் கல்பகத்துக்கு, உன் மூத்த ஓரகத்தி வேதா எழுதுவது. இங்கே காஞ்சன்பாக்கில் நானும் பிள்ளை பிரசன்னாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கமாட்டேன். பத்தொன்பது வருஷமாகக் கேட்கவில்லை, இன்றைக்கு மட்டும் என்ன?

நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்காது. இதே சித்திரை ஒன்று, பந்தியில் பதினோரு பேர், நீ மாம்பழக் கலர் புடவை. என் பச்சடியை நக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா கை பட்டா வெல்லமும் கசக்கும்"னு சொன்னாய். என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். இனி உன் வாசற்படியை மிதிப்பதில்லை என்றேன், மிதிக்கவில்லை.

இந்த வருஷப் பிறப்புக்கு எல்லாம் திட்டமாக வைத்திருந்தேன். ஏழு மணிக்குப் பச்சடி, எட்டு மணிக்குக் கோயில், நாள் முழுக்க உன் பேச்சை எடுக்காமல் இருப்பது. காலையில் பார்த்தால் வேப்பம்பூ இல்லை. போன மாதம் தெலுங்கு வருஷப் பிறப்பு உகாதிக்கு மூலைக்கு மூலை குவித்து விற்றார்கள். "இப்பவே வாங்கி வச்சுக்கோம்மா"ன்னு பிரசன்னா அடித்துக்கொண்டான். "அது அவங்க வருஷத்துப் பூடா, நம்ம வருஷத்துக்குப் புதுசா வாங்கிக்கலாம்"னேன். நம்ம வருஷம் வந்தது, பூவைக் காணோம். குவார்ட்டர்ஸ் மரமெல்லாம் காய் பிடித்துவிட்டது. தாமதமாகப் பூக்கிற வேம்பு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும், உன் வீட்டு வாசலில் நிற்பது. கன்றைக் கொடுத்தவளே நான்தானே. மரம் மதிலுக்கு வெளியே, படியை மிதிக்க வேண்டியதில்லை. வருஷப் பிறப்பன்று நீ ஜீடிமெட்லாவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விடுவாய், அதெல்லாம் விசாரித்துத்தான் வைத்திருக்கிறேன். ஆட்டோ இர்பானைக் கூப்பிட்டேன்.

கிளை எட்டவில்லை. ஒரு காலை ஆட்டோவிலும் ஒரு காலை உன் மதிலிலும் வைத்தேன். "நக்கோ அம்மா, கிர் ஜாத்தே!" என்று அலறினான் இர்பான், விழுந்துவிடுவேனாம். "நீ ஒழுங்காப் பிடிடா"ன்னு நான் கத்த, உன் பேத்தி சாஹித்யா ஓடி வந்து, "எவரு மீரு? பூலு எந்துக்கு கோஸ்துன்னாரு?"ன்னு தெலுங்கில், யார் நீ, பூவை ஏன் பறிக்கிறாய் என்று என்னைப் பூத்திருடி மாதிரி அதட்டினாள்.

"உன் பாட்டி மேல கோவமா இருக்கிற பெரிய பாட்டிடி!"

"வேதா பாட்டியா? மீரு மா ஹால் ஃபோட்டோலோ உன்னாரு கதா!"

என் ஃபோட்டோ, உன் ஹாலிலா? பொய்யா நிஜமா என்று பார்க்கத்தான் உள்ளே போனேன். நிஜம்தான். நீயும் நானும் மட்டும் நிற்கிற படம். சட்டம் கோணலாக மாட்டியிருக்கிறது, அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

திட்டம் போட்டு ஆரம்பித்த வருஷங்கள் என்ன லட்சணத்தில் போயின என்று பார்த்தாயிற்று. இந்த வருஷம் அதன் இஷ்டத்துக்குத்தான் வரட்டுமே. அதற்காகக் கோபம் தீர்ந்தது என்று நினைக்காதே. எதிரே வந்தாலும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உன் பிள்ளை குட்டிகள் குறைவில்லாமல் இருக்கட்டும். நடுவில் நீயும் நன்றாக இருந்துவிட்டுப் போ.

வேதா

பி.கு.: காஞ்சன்பாக்கில் இல்லை, உன் சமையலறையில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். இர்பானை அப்போதே அனுப்பியாயிற்று, பிரசன்னாவையும் இங்கேயே வரச் சொல்லிவிட்டேன். நீ ஜீடிமெட்லாவிலிருந்து பஸ் ஏறிவிட்டாயாம், சாஹித்யா ஃபோனில் கேட்டுச் சொன்னாள். சாம்பார் கொதிக்கிறது. பெருங்காயத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்? சீக்கிரம் வந்து எடுத்துக் கொடு.