கரட்டு யானைக்கு எனாமல் பெயிண்ட்

கூச்சப்படுகிறவனால் ஊருக்குக் கெடுதல் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. என்னைத் தெரியாத யாரோ கிளப்பிவிட்டது.

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். எங்கள் ஊர்க் கரட்டில், அதாவது சின்னக் குன்றில், ஒரு பாறைக்கு அடியில் ஆதிகாலத்து மனிதர்கள் செங்காவியால் வரைந்த படங்கள் உண்டு. ஒரு யானை, நாலைந்து மாடுகள், வேலோடு ஓர் ஆள். அந்தக் கரட்டைக் கல் உடைக்கக் கொடுக்கப் போவதாகப் பேச்சு வந்ததும், ஊரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தது. படங்களைப் பார்க்க ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் நல்லபடியாக எழுதினால் கரடு தப்பும். இல்லாவிட்டால் ஜல்லி.

ஊர்க் கூட்டம் போட்டோம். லாரி வைத்திருக்கும் கந்தசாமி அண்ணன்தான் தலைமை.

"படம் ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுங்களே அண்ணா. வர்ற அம்மா கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் தெரியும். அவுங்க அதுக்குத்தான படிச்சிருக்கறாங்க" என்றார் அண்ணன்.

எனக்கு அந்தப் படிப்பின்மேல் நம்பிக்கை வரவில்லை. என்னிடம் ஒரு யோசனை இருந்தது. அதை எழுந்து சொல்லியிருந்தால் அங்கேயே திட்டி உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. (பிரஷ் மட்டும் நன்றாக வரும்.)

அந்த அம்மா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஏணியோடு கரட்டுக்குப் போனேன். மங்கிக் கிடந்த யானையைப் பளிச்சென்று சிவப்பாக்கிக் கண் வைத்தேன். மாடுகளுக்கு மஞ்சள் பார்டர். வேல்காரனுக்கு மீசை இல்லாதது மனதுக்கு ஒப்பவில்லை. அதையும் கொடுத்தேன். கைப்பழக்கத்தில் மூலைக்கு ஒரு தாமரை. மேலே இன்னும் சில உருவங்கள் இருந்தன. பக்கத்திலேயே மலைத்தேனீக் கூடு தொங்கியது. கலை பெரிதுதான், உயிர் அதைவிடப் பெரிது. இறங்கிவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மா வந்து யானையைத் தொட்டுப் பார்த்தார். விரல் சிவப்பாக வந்தது.

"எந்தக் காலத்துப் படம்னு சொன்னீங்க?"

அண்ணன் தாமரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே தாமரை அவர் லாரியின் பின்கதவிலும் இருக்கிறது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா பழனி, நீயா?"

"ஆமாங்கண்ணா. நல்லாத் தெரியட்டுமேன்னு..."

"அடியில 'ஒலி எழுப்பவும்'னு எழுதாம உட்டுப்போட்டியே சாமி!"

யாரும் சிரிக்கவில்லை. "ஊரே சேர்ந்து படத்தைப் போட்டு வெச்சிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க" என்று அந்த அம்மா நோட்டை மூடினார். கரடு ஜல்லியாவது என் கண்ணுக்குத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனை பேர் முன்னால் நானாகவே வாயைத் திறந்தேன்.

"அம்மா, மேல பாருங்க. அங்க நான் கை வெக்கலீங்க."

"ஏன்?"

"தேனீங்க. பயமுங்க."

கேமராவை வைத்து வெகுநேரம் மேலே பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்தார். "நல்லவேளைங்க, நீங்க தைரியசாலி இல்ல" என்றார்.

கரடு தப்பியது. கம்பி வேலியும் போட்டாகிவிட்டது. என் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் இருக்கும் அசலும் போய்விடுமாம். அதனால் யானை இன்னும் என் சிவப்பிலேயே நிற்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அண்ணன், "மேல இருக்கறது ஆதிமனுசன் போட்டது, கீழ இருக்கறது எங்க பழனி போட்டது" என்று விளக்குகிறார்.

நரைக்கு மை தடவலாமென்று நான் கண்ணாடி முன்னால் நின்றால் போதும், என் மனைவி சரசு அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"ஏனுங்க, பழசு பழசாவே இருக்கட்டுமுங்க. உங்களைத் தடுக்க நம்மூட்டுல தேனீ இல்லீங்க!"