கோச் வந்தாச்சு

"ஜன்னல் சீட்டை யாருக்கும் கொடுத்துடலையே, கண்ணு?" என்று கேட்டபடி வினிஃப்ரெட் சக்டன் சர்ச் மண்டபத்துக்குள் வந்தார். எண்பதைத் தாண்டியவர். கையில் ஃபிளாஸ்க், கக்கத்தில் ஒரு குட்டித் தலையணை.

லொரெய்ன் அக்ராய்ட் யோகா விரிப்பைச் சுருட்டுவதை நிறுத்தினாள். வாழ்க்கையின் முதல் கோச்சிங் வாடிக்கையாளர்!

"எங்கே வேணா உட்காரலாம், வினிஃப்ரெட். முதல்ல மனசைத் திறந்து சொல்லுங்க. எங்கே போகணும்னு ஆசைப்படுறீங்க?"

"விட்பிக்கு."

"அந்த விட்பி கடலோரம் இருக்கு. உங்களுக்கு உள்ளேயும் ஒரு விட்பி இருக்கும், இல்லையா?"

"உள்ளே தள்ளி உட்கார்ந்தா எனக்குக் குமட்டும். அதான் ஜன்னல் கேட்கிறேன்."

ஆழமான பதில்தான் என்று லொரெய்ன் தலையாட்டிக்கொண்டாள்.

எங்கள் யார்க்‌ஷயரில் தன்னைத் தானே மெச்சிக்கொள்பவர்களை யாருக்கும் பிடிக்காது. லொரெய்னை மட்டும் விட்டுவைத்திருந்தோம். ஊரில் பாதி முதுகுகள் அவளால் நிமிர்ந்தவை. முதுகை நிமிர்த்தினால் போதுமா, வாழ்க்கையை நிமிர்த்த வேண்டாமா என்று தோன்றியதும் அவள் யோகாவோடு கோச்சிங்கையும் சேர்த்துக்கொண்டாள். அதற்குச் சர்ச் மண்டபத்தின் பின்னறை வேண்டும். அதே அறையை உடம்பு இளைக்கும் கிளப்பும் கேட்டிருந்தது.

"சனிக்கிழமை வந்து பார்ப்பேன்," என்று சொல்லியிருந்தார் மண்டபச் செயலாளர் டெஸ்மண்ட். "கூட்டம் இருந்தா ரூம் உனக்கு. இல்லேன்னா அவங்களுக்கு."

"நிக்க இடம் இருக்காது, பாருங்க!" என்று மார்தட்டிவிட்டு வந்தவள், தபாலாபீஸிலிருந்து மீன் வறுவல் கடைவரை நோட்டீஸ் ஒட்டினாள். 'கோச் வந்தாச்சு! நீங்கள் போக நினைக்கும் இடம் எது? தயங்காமல் சொல்லுங்கள். கொண்டு சேர்ப்பது எங்கள் பொறுப்பு!' அடியில் பொடி எழுத்தில் 'வாழ்க்கைப் பயிற்சி' என்றும் இருந்தது.

அதன் பலன் இந்தச் சனிக்கிழமை சாரிசாரியாக வந்தது. எல்லோரும் நரைத்த தலை, எல்லோர் கையிலும் சாண்ட்விச் டப்பா. லொரெய்னுக்குப் பெருமையில் கழுத்து ஓர் அங்குலம் நீண்டது.

"வழியில ஒண்ணுக்கு நிறுத்துவீங்கல்ல?" என்று ஒரு தாத்தா கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே வெளியூர் பஸ்ஸுக்கும் கோச் என்றுதானே பெயர்!

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். வாசலில் டெஸ்மண்ட் நின்றார்.

"அடேயப்பா! இவ்வளவு பேரும் கோச்சிங்குக்கா?"

"பின்னே?" என்றது லொரெய்னின் கௌரவம்.

"ஏன் எல்லாரும் கோட்டும் தொப்பியுமா நிக்கிறாங்க?"

"இது... நடமாடும் கோச்சிங், டெஸ்மண்ட். பஸ்ல போய்க்கிட்டே நடக்கும்."

"அப்படியா? அப்ப நானும் வர்றேன். கண்ணால பார்க்காம ரூமைக் கொடுக்க முடியாது."

லொரெய்ன் கழிவறைக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொண்டு, பஸ் ஓட்டும் கொழுந்தன் ட்ரெவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, என்கிட்ட இருக்கிறது பேண்டு வாத்தியக் கோஷ்டி பஸ். பின்னாடி பெரிய டிரம் கிடக்கு. இறக்கி வைக்க ஆள் இல்ல."

"டிரம்மோடவே வா! என் மானம் போகுது!"

பஸ் வந்தது. வினிஃப்ரெட்டுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. லொரெய்ன் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. மூச்சை மெதுவா இழுங்க..."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் டிரம் 'டமார்' என்றது.

"பயப்படாதீங்க. உங்க மனசு பேசுது. அதைக் கேளுங்க."

"என் மனசு இவ்வளவு சத்தமா பேசி நான் கேட்டதே இல்லை," என்றார் தாத்தா.

மேட்டுப் புல்வெளி தாண்டுவதற்குள் பஸ் முழுக்கக் குறட்டை. "ஆழ்நிலைத் தியானம்," என்று லொரெய்ன் டெஸ்மண்டிடம் கிசுகிசுத்தாள். எல்லோரையும்விட ஆழத்தில் இருந்தவர் அவர்தான்.

விட்பியில் வெயில் அடித்தது. அதற்கும் தானே காரணம் என்பதுபோல் லொரெய்ன் நடந்தாள். டெஸ்மண்ட் கால்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் அளவு கடலில் நின்று, "ரூம் உனக்குத்தான், லொரெய்ன்! மாசாமாசம் இது உண்டுல்ல?" என்று கத்தினார்.

ஜெயித்துவிட்டாள். ஆனால் திரும்பும் வழியில் அந்தப் பெருமை தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தியது. வினிஃப்ரெட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் நோட்டீஸ்ல போட்டது இந்த கோச் இல்லை. நீங்க எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வந்தீங்க. நானும் கௌரவம் பார்த்து வாயை மூடிக்கிட்டேன்."

வினிஃப்ரெட் ஃபிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குப் பொடி எழுத்துதான் முதல்ல தெரியுது, கண்ணு. 'வாழ்க்கைப் பயிற்சி'ன்னு எங்க தெருவுக்கே படிச்சுக் காட்டினேன். போக நினைக்கிற இடத்தைத் தயங்காம சொல்லச் சொல்லி நீதானே போட்டிருந்தே? சொன்னோம், கொண்டுவந்து சேர்த்துட்டே. நல்ல கோச்சிங்!"